ஆறாத ஈறு

மல்லிகைச் சரத்தை ஈரத் துணியில் சுற்றி வைத்தால் மறுநாள் வரை வாடாது. பிரிட்ஜில் வைக்கிறவர்கள் உண்டு, வாசம் செத்துவிடும். இதை எனக்குச் சொல்லித் தந்தவர் அய்யம்மாள் அக்காதான், சார். அதனால்தான் பூவிலிருந்து தொடங்குகிறேன்.

என் பெயர் சூர்யகலா. திண்டுக்கல்லில் டாக்டர் ஆனந்த்ராஜின் பல் மருத்துவமனையில் கருவிகளைச் சுத்தம் செய்வது என் வேலை. முருகனைக் கும்பிடாமல் ஒருநாளும் வேலையில் கை வைத்ததில்லை. போன பல்லுக்குப் பதில் புதுப்பல் வைக்கும்போது தாடை எலும்பில் ஒரு திருகாணியை இறக்குவார்கள். அதன் மேல் சின்ன டைட்டானியத் துண்டு ஒன்று உட்காரும். ஈறு அந்தத் துண்டைச் சுற்றித்தான் ஆற வேண்டும். ஈறு ரொம்பக் கூச்ச சுபாவம், சார். துண்டில் கண்ணுக்குத் தெரியாத பிசுக்கு இருந்தாலும் ஒட்டாது. அதனால் டாக்டர் துண்டைக் கழற்றித் தரும்போதெல்லாம் நான் அதிர்வுத் தொட்டியில் போட்டு அழுக்கை உதிர்த்து, பிறகு ஆவியில் வேகவைத்துக் கொடுப்பேன்.

அய்யம்மாள் அக்காவுக்கு நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகைத் தோட்டம். மாடு முட்டி மேல்வரிசை முன்பல் போய்விட்டது.

"மாடு முட்டுச்சுன்னா ஒருத்தரும் நம்ப மாட்றாக டாக்டரே. எங்க வீட்டுக்காரரத்தான் ஒரு மாதிரி பாக்குறாக," என்று வந்த அன்றே எல்லோரையும் சிரிக்க வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"என்ன தாயி, வெறுந்தலையா நிக்கிற? இந்தா, திரும்பு."

தன் தலையிலிருந்த சரத்தில் பாதியைக் கிள்ளி எனக்கு வைத்துவிட்டார். கணவர் விட்டுப்போன பிறகு எனக்குப் பூ வைத்துவிட ஆள் இல்லை. ஏன் வைக்கவில்லை என்று கேட்கவும் ஆள் இல்லை. அதன்பின் வரும்போதெல்லாம் எனக்கென்று ஒரு முழம் தனியாகக் கட்டிக் கொண்டுவந்தார்.

ஒருநாள் அந்த வாசத்திலேயே இருந்துவிட்டேன். துண்டைத் தொட்டியில் போட மறந்து, ஆவியில் மட்டும் வைத்துக் கொடுத்துவிட்டேன். ஈறு சிவந்தது. அந்த முறையோடு சிகிச்சை முடிந்திருக்க வேண்டியவர் மறுவாரமும் வந்தார், பூவோடு. நடந்த மறதிக்காக அபிராமி அம்மன் கோயிலில் தேங்காய் உடைத்தேன்.

அடுத்த முறை மறதி இல்லை. துண்டைத் தொட்டியில் போட்டேன், ஆவியில் வைத்தேன், முறைப்படி எல்லாம் செய்தேன். கடைசியில், வேறொருவர் வாயிலிருந்து எடுத்த பஞ்சு கிடந்த தட்டில் ஒரு புரட்டுப் புரட்டிக் கொடுத்தேன்.

டாக்டருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அக்காவுக்குச் சர்க்கரை வியாதி இருக்கிறதே, அதுதான் காரணம் என்று எண்ணினார்.

"குச்சி வச்சுக் குத்துறீங்களா?" என்று அக்காவைக் கடிந்துகொண்டார்.

"சாமி சத்தியமா இல்ல டாக்டரே. உப்புத் தண்ணி கொப்பளிச்சுக் கொப்பளிச்சு வாயே கடலாப் போச்சு."

வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "தைக்குள்ள ஆறிருமா தாயி? மக கல்யாணத்துல பல்லு தெரியச் சிரிக்கணும். போட்டோவுல வாயப் பொத்திக்கிட்டு நின்னா சம்பந்தகாரக என்ன நெனப்பாக?"

"ஆறிரும்க்கா," என்றேன். அவருக்கு ஆறுதலாக இருந்தது. நாற்காலி போட்டு, வெந்நீர் கொடுத்து, பஸ் வரும்வரை பேசிக்கொண்டிருந்தேன். தோட்டத்தில் அவரிடம் யார் இப்படி உட்கார்ந்து பேசியிருப்பார்கள்?

கார்த்திகை முடிவில் வீக்கம் மூக்கோரமாக ஏறிக் கண்ணை மூடியது. மதுரைக்குக் கொண்டுபோனார்கள். விஷம் மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள். மார்கழியில் போய்ச் சேர்ந்தார்.

அவர் மகள் கீர்த்தனா சண்டைக்கு வருவாள் என்று டாக்டர் பயந்தார். அவள் என்னைத்தான் தேடி வந்தாள், கையில் ஒரு முழம் பூவோடு.

"அம்மா சொல்லிக்கிட்டே இருந்துச்சுக்கா. பல்லு சரியான பெறகும் பூ மார்க்கெட்டுக்கு வாரப்பல்லாம் சூர்யாவுக்கு ஒரு மொழம் குடுத்துட்டுத்தான் போவேன்னு. அதான் வந்தேன்."

பாவம், தாயைப் பறிகொடுத்த பெண், மனம் ஆற எதையாவது சொல்லும். ஆறியபின் யார் வருகிறார்கள், சார்? எனக்குத் தெரியும்.

டாக்டர் இப்போது சரியாகச் சாப்பிடுவதில்லை. தன் கைப்பிழை என்று நினைத்து ஒவ்வொரு கருவியையும் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். நல்ல மனிதர் மேல் பழி நிற்கக் கூடாது. அதனால்தான் நானே ஸ்டேஷனுக்கு வந்தேன். துண்டைக் கெடுத்தது நான். தெரிந்தே கெடுத்தேன். எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் எல்லோருக்கும் செய்ததாக நினைத்துவிடாதீர்கள். மூஞ்சியில் அடித்தாற்போல் பேசுகிறவர்கள், என் பெயர்கூடக் கேட்காதவர்கள், அவர்கள் துண்டைப் பளிங்குபோல் சுத்தம் செய்து கொடுத்திருக்கிறேன். அவர்களுக்குச் சீக்கிரம் ஆறிவிடும். போய்விடுவார்கள்.

இன்னும் ஒரு சின்ன உதவி, சார். வெள்ளிக்கிழமை வினிதா டீச்சர் வருவார். ஒவ்வொரு முறையும் எனக்கென்று பணியாரம் சுட்டுக் கொண்டுவருவார். நான் இல்லையென்றால் ஏமாந்துபோவார். யாராவது பக்குவமாகச் சொல்லி அனுப்புங்கள். அவருக்கும் ஈறு இன்னும் ஆறவில்லை.