மருந்துத் தண்ணீர்

வாசற்படியைப் பினாயில் ஊற்றிக் கழுவிய பிறகுதான் எங்கள் வீட்டில் அடுப்பே பற்றவைப்போம், சார். நான் பெண்கள் பள்ளியில் பதினாறு வருடமாகச் சுகாதாரப் பாடம் நடத்துகிறேன். சுத்தம் எனக்குக் காலராவோடு வந்த பழக்கம் அல்ல.

இந்த 1966 சித்திரையில் விருத்தாசலத்துக்குள் காலரா வந்தது. கிணறுகளில் எல்லாம் பிளீச்சிங் பவுடர் கொட்டினார்கள். அதே வாரம் எங்கள் கொல்லைப்புறத்தில் கழிவுநீர் போகிற பீங்கான் குழாய் வெடித்துவிட்டது. குளியலறைத் தரையில் கறுப்பாக, நுரை தட்டி, புழு நெளிகிற தண்ணீர் ஏறி நின்றது. இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. என் கணவர் தேசிகன், பீங்கான் சூளையில் வேலை செய்யும் பக்கிரியை வரச் சொல்லிவிட்டு, ஸ்ரீமுஷ்ணத்துக்கு பஸ் ஏறிவிட்டார்.

பக்கிரி ஆற்றங்கரைக் குடிசையில் இருப்பவன். அங்கே நான்கு பேர் ஏற்கெனவே செத்திருந்தார்கள். அதனால் சில ஏற்பாடுகள் செய்தேன். கொல்லைக் கதவு வழியாக மட்டும் வர வேண்டும். செருப்பும் சட்டையும் வெளியே. கைகால்களைப் பினாயில் தண்ணீரில் கழுவ வேண்டும். அவன் முகம் சுளிக்கவில்லை.

"நீங்க சொன்னா சரிதாங்க டீச்சரம்மா. எம் பொண்ணு வாசுகி உங்ககிட்டதான் படிக்குது."

தோள்வரை கையை விட்டு, குழாயிலிருந்து அள்ளி அள்ளிப் போட்டான். அதே கையின் பின்புறத்தால் உதட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டான். நான் முந்தானையால் மூக்கை மூடியபடி பார்த்துக்கொண்டிருந்தேன். உச்சிவேளைக்குப் புதுக் குழாய் பதித்து முடித்தான். தண்ணீர் வடிந்தது. வேலையைக் குறை சொல்ல முடியாது.

"ஒரு சொம்பு தண்ணி குடுங்கம்மா. தொண்டை காஞ்சிபோயி கெடக்குது."

அந்த வாய் என் சொம்பில் படுவதை நினைத்ததும் குமட்டியது. வெளியே கழுவியாயிற்று, உள்ளே யார் கழுவுவது என்று யோசித்தேன். ஒரு கொட்டாங்கச்சியில் தண்ணீர் எடுத்து, சாக்கடைக்கு வைத்திருந்த பிளீச்சிங் பவுடரைத் தாராளமாகக் கரைத்தேன்.

"மருந்து வாடை அடிக்குதேம்மா."

"காலராவுக்குப் போடற மருந்துதான். மூக்கைப் புடிச்சிக்கிட்டு முழுசாக் குடிச்சிடு."

குடித்தான். டீச்சர் சொன்னால் கேட்கிற குடும்பம்.

சிறிது நேரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்குள் போய், அப்போதுதான் சுத்தமான தரையில் வாந்தி எடுத்தான். சிவப்பாக இருந்தது. நான் கதவைச் சாத்தி வெளித்தாழ்ப்பாள் போட்டேன். நோயாளியைத் தனிமைப்படுத்த வேண்டும் என்று பாடத்திலேயே இருக்கிறது. அவன் கதவைத் தட்டினான். "நல்ல தண்ணி குடுங்கம்மா" என்றான். பிறகு வாசுகியைக் கூப்பிட்டான். கதவடியில் கசிந்து வந்ததை ஒரு பழைய சாக்கால் அடைத்தேன். சத்தம் நின்றதும் தலைமுழுகப் போனேன். நாலு மணிக்குக் கணவர் வந்துதான் கதவைத் திறந்தார்.

அவனுக்குக் காலராவே இல்லை, தொண்டையும் வயிறும் வெந்திருந்தன என்று பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் எழுதியிருப்பதாகச் சொல்கிறீர்கள். இருக்கலாம். மருந்தைக் கலந்ததும் நான்தான், தாழ்ப்பாள் போட்டதும் நான்தான். மறுக்கவில்லை.

எங்கள் தெருவில் காலரா முதலில் வந்தது அடுத்த வீட்டு அம்புஜவல்லிக்குத்தான் என்கிறீர்கள். அதுவும் எனக்குத் தெரியும். வயிற்றுப்போக்கோடு இரண்டு நாள் என் சமையலறையில் உட்கார்ந்து, என் டம்ளரில்தான் காபி குடித்தாள். ஆனால் அவர்கள் சுத்தமானவர்கள், சார்.