மனம் திங்கட்கிழமை சொல்லும்

வவுனியாவிலிருந்து கிளிநொச்சி போகும் பேருந்து. எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். ஆடைத் தொழிற்சாலைச் சீருடையில் இருந்தவள் சொன்னாள்: "என்ர மனம் என்ன சொல்லுதெண்டு திங்கட்கிழமைப் பயிற்சியில சொல்லுவினமாம்."

நான் நித்திரையை விட்டுவிட்டேன்.

"உன்ர மனத்தை அவையள் சொல்லுறதோ?" என்றாள் தோழி.

"புளியங்குளச் சந்தியில தையல்கடைக்கு இடம் இருக்கு. இண்டைக்கே முடிவு கேக்கினம். வேலையை விடப் பயமாக் கிடக்கடி."

"தன்னம்பிக்கைப் பயிற்சி எத்தினை முடிச்சனீ?"

"ஆறு. சான்றிதழெல்லாம் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கு."

"பிறகென்ன, ஏழாவதில மனம் வாய் திறக்கும். அங்க மத்தியானம் புரியாணியோ?"

"ஓம், கோழி."

"அப்ப கட்டாயம் திறக்கும். அதுக்குள்ள கடையை ஆரும் எடுத்தா, அவைக்கு உன்ர சான்றிதழில ஒண்டைக் குடு."

அவள் சிரிக்கவில்லை. "நேற்று முழுக்க மெசினில இருந்துகொண்டு, கடைக்கு என்ன பெயின்ற் அடிக்கிறதெண்டுதான் யோசிச்சனான்."

"என்ன நிறம்?"

"பச்சை."

புளியங்குளத்தில் பேருந்து நின்றது. அவள் எழுந்தாள்.

"அக்கா, கனகராயன்குளத்துக்கெல்லோ டிக்கெட் எடுத்தனீங்கள்?" என்றார் நடத்துநர்.

"தெரியும் தம்பி," என்று இறங்கிவிட்டாள்.

தோழி யன்னலால் தலையை நீட்டினாள். "திங்கட்கிழமைப் புரியாணியை என்னடி செய்யிறது?"

"நீ வாங்கிக்கொண்டு கடைக்கு வா!"