நான் மணமாகாதவள் என்று கையெழுத்திட்ட நாள்

"படு! படு!"

மக்சிம் கத்துகிறான். நான் படுக்கவில்லை. நிற்கிறேன். கையில் தண்ணீர் கேன். ஐந்து லிட்டர். கீழே வைத்தால் யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று அந்த நேரத்தில் தோன்றுகிறது. மடத்தனம். அவன் என் தோளைப் பிடித்துத் தரையில் தள்ளுகிறான். முதலில் ஒரு சீறல். பிறகு ஒன்று. இரண்டு. மூன்று. நான்காவது மிக அருகில். என் வலது காது அடைத்துக்கொண்டது. எதிர்க்கடையின் கண்ணாடி நொறுங்கியது எனக்குக் கேட்கவில்லை. விழுந்ததைப் பார்த்தேன்.

கார்கிவ் நகரம். போர் தொடங்கி நான்காம் நாள். ஞாயிறு. காலை பத்து இருபது. மெட்ரோ ரயில் நிலையத்தின் படிக்கட்டு நாற்பது அடி தூரத்தில் இருந்தது. ஓடினோம். கேனை நான் விடவில்லை. பாதித் தண்ணீர் என் பேன்ட்டில் கொட்டியிருந்தது. குளிரில் அது விறைத்துப்போனது. அப்போதும் நடுங்கவில்லை. கீழே இறங்கி உட்கார்ந்த பிறகுதான் கை நடுங்கத் தொடங்கியது. இன்றுவரை முழுதாக நிற்கவில்லை.

நான் புவனா. பூர்வீகம் கோலார் தங்கவயல். வீடு பெங்களூரில், ஹெப்பகோடி. அப்பா அங்கே ஒரு கம்பெனியில் ஃபிட்டர். கார்கிவுக்கு மருத்துவம் படிக்கப் போனேன். ஐந்தாம் ஆண்டு. மக்சிம் அந்த ஊர்க்காரன். நாங்கள் பயிற்சிக்குப் போன மருத்துவமனையில் எக்ஸ்ரே மெஷின் பழுது பார்ப்பவன். இரண்டு வருடப் பழக்கம். வீட்டுக்குத் தெரியாது.

மெட்ரோவில் ரயில்கள் ஓடவில்லை. கதவு திறந்தபடி நின்றன. பெட்டிக்குள் குழந்தைகளோடு வந்தவர்கள். நடைமேடையில் நாங்கள். மக்சிம், அவனுடைய அம்மா நீனா, நான். மூன்று பேருக்கு ஒரு போர்வை. நீனா பள்ளிக்கூடச் சமையல்காரி. குண்டு விழும்போதும் கம்பளி நூலில் சாக்ஸ் பின்னிக்கொண்டே இருப்பார். ஒவ்வொரு சத்தத்துக்கும் ஊசி ஒரு நொடி நிற்கும். பிறகு மறுபடி நகரும். நான் அந்த ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திங்கள். மதியம் ஒன்று பத்து. அம்மாவின் அழைப்பு வந்தது.

"அங்க எத்தன ஆம்பளைங்க இருக்காங்கடி?"

மேலே குண்டு. அம்மாவுக்கு அதைவிடப் பெரிய கவலை இது. எரிச்சலாக வந்தது. "எண்ணலம்மா" என்றேன்.

"வாயாடாத. ஒரு மஞ்சக் கயிறு கழுத்துல கட்டிக்கோ. யாருனா கேட்டா கல்யாணம் ஆயிடுச்சி, புருஷன் வரான்னு சொல்லு. எவனும் கிட்ட வரமாட்டான்."

அப்பா ஃபோனைப் பிடுங்கினார். "நம்ம ஆளுங்க பூமிக்குள்ளயே பொழச்சவங்கம்மா. பயப்படாத. கீழயே இரு. மேல மட்டும் வராத." தாத்தா சுரங்கத்தில் வேலை செய்தவர் என்பது அந்த நேரத்தில் எனக்கு எந்த விதத்திலும் உதவவில்லை. ஆனாலும் சரிப்பா என்றேன்.

மஞ்சள் கயிற்றுக்கு உக்ரைனில் யார் பயப்படுவார்கள்? அங்கே அது என்னவென்றே ஒருவருக்கும் தெரியாது. இதை அம்மாவிடம் சொல்லிப் பயனில்லை. ஆனால் என் பையில் அம்மா கட்டிக் கொடுத்த மஞ்சள் தூள் பொட்டலம் இருந்தது. அன்று எனக்குப் பயம் மிக அதிகம். பயந்தவள் எதையும் செய்வாள். நீனாவிடம் வெள்ளைக் கம்பளி நூல் இரண்டு முழம் கேட்டேன். தண்ணீரில் மஞ்சளைக் குழைத்து நூலை முக்கினேன். விரல்கள் மஞ்சளாயின. கழுத்தில் சுற்றினேன். பின்னால் முடிச்சுப் போட முடியவில்லை. அப்படி ஒரு நடுக்கம். மக்சிமிடம் நீட்டினேன்.

"எத்தனை முடிச்சு?" என்று கேட்டான்.

ஒன்று போதும் என்று சொல்லியிருக்கலாம். மூன்று என்றேன்.

அவன் போட்டான். நிதானமாக, வயர் கட்டுபவனைப் போல. நீனா தன் ஃபோனில் படம் எடுத்தார். சிரித்தார். அவருக்கு அது இந்தியப் பெண்ணின் ஏதோ ஒரு விளையாட்டு. மறுநாள் காலை மக்சிம் என் காதருகே வந்தான். நல்ல காது. மூன்று முடிச்சு என்றால் என்னவென்று தேடிப் பார்த்துவிட்டேன் என்றான். அம்மாவிடமும் சொல்லிவிட்டேன் என்றான். நான் திரும்பி நீனாவைப் பார்த்தேன். அவர் ஊசியைக் கீழே வைத்தார். என் இரண்டு கன்னத்தையும் பிடித்து, மகளே என்றார். மேலே எங்கேயோ தொடர்ந்து இடித்துக்கொண்டிருந்தது. எனக்கு வெட்கம் வந்தது. குண்டு விழும் ஊரில் வெட்கம் வந்தது, ஐயோ.

புதன். ரயில் நிலையம். கூட்டம் நெருக்கித் தள்ளுகிறது. ஆண்களை விடவில்லை. "பெண்கள் மட்டும்! பெண்கள், குழந்தைகள் மட்டும்!" நீனா வர மறுத்தார். மகனை விட்டு வரமாட்டாராம். மக்சிம் என்னைத் தூக்கிப் பெட்டிக்குள் திணித்தான். என் ஒரு ஷூ நடைமேடையில் விழுந்தது. அவன் அதை எடுத்து ஜன்னலில் நீட்டினான். ரயில் நகர்ந்துவிட்டது. ஷூவைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினான். எனக்கு எட்டவில்லை.

எல்லை. பிறகு விமானம். பெங்களூர் விமான நிலையத்தில் வெளியே அப்பா நிற்கிறார். நான் கழிப்பறைக்குள் போனேன். கம்பளிக் கயிறு தளர்ந்திருந்தது. தலை வழியாகக் கழற்றினேன். பர்ஸில் வைத்தேன். அப்பா அதைப் பார்த்து என்ன கேட்பாரோ என்ற கூச்சம். அவ்வளவுதான் காரணம். இதை நான் திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்துவிட்டேன். வேறு காரணம் இல்லை.

கயிற்றைக் கழற்றிய ஒன்பதாம் நாள் கார்கிவில் அவர்கள் வீட்டின் மீது குண்டு விழுந்தது. நான்காவது மாடி. மெட்ரோவிலிருந்து வீடு திரும்பியிருந்த நீனா சமையலறையில் இருந்தார். மக்சிம் வாசல் பக்கம் இருந்தான். நீனா அங்கேயே இறந்தார். மக்சிமின் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

படித்தவள் நான். உடலை அறுத்துப் பார்த்துப் படித்தவள். கயிற்றுக்கும் குண்டுக்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? செய்தி வந்த அன்றே பர்ஸைத் திறந்து கயிற்றை எடுத்து மறுபடி போட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகு குளிக்கும்போதும் கழற்றவில்லை. அம்மா தடுக்கவில்லை. "உசுர காப்பாத்துன கயிறு, இருந்துட்டுப் போகட்டும்" என்றாள். முடிச்சுகளை அவள் எண்ணிப் பார்க்கவில்லை.

ஹெப்பகோடியில் ஷிஃப்ட் மாறும்போது ஒரு கம்பெனியில் சங்கு ஊதும். மதியம் இரண்டு மணிக்கு. வந்த முதல் நாள் நான் கட்டிலுக்கு அடியில் போய்விட்டேன். அப்பா முதலில் சிரித்தார். பிறகு அவரும் குனிந்து என் பக்கத்தில் தரையில் படுத்துக்கொண்டார். இப்போதும் இரண்டு மணிக்கு எனக்கு வியர்க்கும். பெங்களூர் மெட்ரோவில் நேஷனல் காலேஜ் ஸ்டேஷனோடு இறங்கிவிடுவேன். அதற்குப் பிறகு ரயில் பூமிக்குள் போகிறது. ஆட்டோக்காரர்கள் என்னால் பிழைக்கிறார்கள்.

மக்சிம் சிகிச்சைக்காக ஜெர்மனி போனான். செயற்கைக் கால் பொருத்தினார்கள். மொழி கற்றான். அங்கே ஒரு மருத்துவமனையில் அதே மெஷின் வேலை. அங்கே தங்கும் உரிமை கிடைத்தது. அவனுடைய பாஸ்போர்ட் எரிந்த வீட்டோடு போனது. புதியது இன்னும் வரவில்லை. அவன் இங்கே வர முடியாது. நான்தான் போக வேண்டும். கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன் என்று சொல்லி விசா கேட்க வேண்டும். வீட்டில் சொன்னதும் அப்பா இரண்டு மாதம் பேசவில்லை. பிறகு ஒருநாள் மக்சிமோடு வீடியோவில் பேசி, காலைக் காட்டச் சொல்லி, போல்ட்டை எப்படி முடுக்கியிருக்கிறார்கள் என்று கேட்டார். ஃபிட்டர் அல்லவா. அன்றோடு சம்மதம்.

விசா மனு கொடுக்கும் இடம். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். தாள்களைப் புரட்டுகிறாள். உறவு உண்மையானது என்று காட்டப் படங்கள் கேட்டிருந்தார்கள். எங்களிடம் இருப்பதே பதினொரு படங்கள். அதில் நன்றாக இருப்பது நீனா எடுத்தது. அதை முதலில் வைத்திருந்தேன்.

அவள் விரல் அங்கேயே நின்றது.

"மேடம், கழுத்துல என்ன இது?"

நான் துப்பட்டாவைக் கழுத்தோடு இழுத்துவிட்டேன்.

"தாலிதானே? நீங்க ஃபார்ம்ல மணமாகாதவர்னு போட்டிருக்கீங்க."

உலகத்தில் எந்த அதிகாரி பார்த்தாலும் அது ஒரு மஞ்சள் நூல். இவள் நம் ஆள். இவளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் குரலைத் தாழ்த்தினாள். நல்ல பெண். "நான் தமிழ்தான்ங்க. சொல்றேன், கேளுங்க. ஏற்கெனவே கல்யாணம் ஆயிருந்தா இந்த விசா வராது. உண்மைய மறைச்சிட்டீங்கன்னு வந்துச்சுன்னா அப்புறம் எந்த விசாவும் கஷ்டம். இது என்னன்னு ஒரு உறுதிமொழிப் பத்திரம் வாங்கிட்டு வந்துடுங்க."

படத்தை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். ஸ்கேன் ஆகிவிட்டது என்றாள்.

செவ்வாய்க்கிழமை. பிரேசர் டவுனில் ஒரு நோட்டரி அலுவலகம். அம்மா கூட வந்தாள். வக்கீல் கன்னடக்காரர். வயதானவர். தமிழ் நன்றாகப் பேசினார். கதையைப் பாதி கேட்டதும் கையைக் காட்டி நிறுத்தினார். டைப் அடிக்கச் சொன்னார். வாசித்துக் காட்டினார். நான் இதுவரை யாரையும் மணந்ததில்லை. படத்தில் காணப்படும் கயிறு பாதுகாப்புக்காக அணிந்தது. அதற்கு எந்தச் சடங்கு முக்கியத்துவமும் இல்லை. அதைக் கட்டியபோது மணம் செய்யும் எண்ணம் இருவருக்கும் இல்லை.

பேனாவை நீட்டினார். நான் வாங்கவில்லை.

"ஏன்டி? நான்தானே கட்டிக்கச் சொன்னேன்? பொய்க்குத்தானே?" என்றாள் அம்மா.

"ஆமாம்மா."

"அப்புறம் என்ன? போடு."

வக்கீல் என் கழுத்தைப் பார்த்தார். "இதை எழுதிட்டு அதைப் போட்டுக்கிட்டு இன்டர்வியூவுக்குப் போனா தப்பாயிடும்மா. எடுத்துடுங்க."

எடுக்கவா. முதல் தடவை எடுத்தேன். ஒன்பது நாள். ஒரு உயிர், ஒரு கால். அவன் ஜெர்மனியில் இருக்கிறான், அங்கே குண்டு விழாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கையெழுத்துப் போடாவிட்டால் அவனிடம் போகவே முடியாது. போட்டால் அவனுக்கு ஏதாவது ஆகிவிடும். இரண்டுக்கும் நடுவில் அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தேகம் வந்துவிட்டது அவளுக்கு. அவளிடம் மட்டும் நான் அழக்கூடாது.

இரண்டு முப்பத்தைந்து. கையெழுத்துப் போட்டேன். எழுத்து கோணலாக வந்தது. தலை வழியாகக் கழற்றினேன்.

வெளியே வந்ததும் மக்சிமை அழைத்தேன். மணி அடிக்கிறது. எடுக்கவில்லை. இரண்டு நாற்பது. இரண்டு நாற்பத்திரண்டு. இரண்டு நாற்பத்தேழு. எடுக்கவில்லை. அங்கே வேலை நேரம். எப்போதும் எடுப்பான். டீக்கடை வாசலில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு லாரியின் பின்கதவு படாரென்று அடித்தது. நான் தலையில் கை வைத்துக் குனிந்தேன். "பயப்படாத, வண்டிடி, வண்டி!" அம்மா கத்தினாள். ரோட்டில் நின்று என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். நான் அப்போது சொல்லிவிட்டேன். மூன்று முடிச்சு போடச் சொன்னது நான்தான் என்று. அவனுடைய அம்மா பக்கத்தில் இருந்தார் என்று. மகளே என்று கூப்பிட்டார் என்று.

அம்மா முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். பிறகு, "முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா, பாவி. நானே அந்தப் பத்திரத்தக் கிழிச்சிப் போட்டிருப்பேனே" என்றாள். அவளும் அழுதாள்.

மூன்று இருபத்தொன்று. அவன் அழைத்தான். ஸ்கேன் அறைக்குள் இருந்தானாம். அங்கே ஃபோன் கொண்டுபோகக் கூடாது. என்ன ஆயிற்று என்று கேட்டான். குரல் எப்போதும் போல இருந்தது. பின்னால் யாரோ சிரிக்கிறார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்றேன். நல்லது, தாள்தானே என்றான். ஆமாம் என்றேன். கயிறு என் கைக்குள் இருந்தது. அதற்குப் பிறகு நான் அதைப் போட்டுக்கொள்ளவில்லை. சத்தியம் செய்து கொடுத்தாயிற்று. போட்டால் அதுவும் பயம்.

விசா வந்துவிட்டது. அடுத்த மாதம் கிளம்புகிறேன். அங்கே ஓர் அலுவலகத்தில் எங்களுக்குக் கல்யாணம். இருபது நிமிடம் ஆகுமாம். கிளம்பும் முன் இதை எழுதி வைக்கிறேன். படிப்பவர்கள் மறக்க வேண்டாம்.

இழந்தவர்: நீனா, மக்சிமின் அம்மா.

தெரியாதவர்: நடைமேடையில் எங்களுக்கு எதிரே படுத்திருந்த வயதான கணவனும் மனைவியும். பெயர் கேட்டுக்கொள்ளவில்லை. புதன்கிழமைக்குப் பிறகு அவர்களை யாரும் பார்க்கவில்லை.

இழந்தவை: ஓர் இடது கால். ஒரு வலது காதின் பாதிக் கேட்கும் சக்தி. நான்காவது மாடியில் இரண்டு அறை வீடு. பாதியில் நின்ற என் படிப்பு. அவன் கையிலேயே தங்கிவிட்ட என் ஷூ.

மெட்ரோ நடைமேடையில் நடந்த ஒரு கல்யாணம். இந்தக் கணக்கில் அது ஒன்றில் மட்டும் என் கையெழுத்து இருக்கிறது.