பொறுக்கி எடுத்த இரும்பு

இரும்பு வாங்கப் போனால் நான் அவசரப்படுவதே இல்லை, ஐயா. சிஎன்சி எந்திரத்துக்கு என்ன தெரியும்? கணினியில் போட்ட அளவுக்கு எதைக் கொடுத்தாலும் கடைந்து தள்ளும். எந்த வேலைக்கு எந்த இரும்பு என்று பார்ப்பது மனிதன் வேலை.

கீழ்வேளூரில் இருக்கும் என் பட்டறைக்கு வீரையன் அடிக்கடி வருவார். எங்கள் ஐந்து மா நிலத்தை அவர் அப்பா குத்தகைக்கு உழுதார். நிலத்தைத் திருப்பிக் கேட்டு என் அப்பா தாவா போட்டார். எந்தக் கழகம் ஆட்சிக்கு வந்தாலும் குத்தகைதாரரைக் காக்கும் சட்டம் மட்டும் அசையவில்லை. தோற்றோம். அந்த வேதனையிலேயே அப்பா போய்ச் சேர்ந்தார். பிறகு வீரையன் அறுவடை எந்திரம் வாங்கினார், என்னைத் தம்பி என்று கூப்பிட ஆரம்பித்தார். அதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் நானில்லை.

அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. அடுத்த வயலில் இறங்குமுன் எந்திரத்தின் வெட்டும் பகுதியைத் தூக்கி நிறுத்தி, அடியில் படுத்து, ஒட்டியிருக்கும் சேற்றையும் நெல்லையும் சுரண்டுவார். விதைநெல்லில் வேறு ரகம் கலக்கக் கூடாதாம். டிரைவரைக்கூட அடியில் விடமாட்டார். தூக்கும் குழாயில் ஆயில் கசிவதால் முட்டுக் கொடுத்துத்தான் நிறுத்துவார். அந்த முட்டு நழுவாமல் பிடித்திருப்பது கட்டைவிரல் தடிமனில் ஒரு பின்.

"தம்பி, அந்தப் பின்னு தேஞ்சுபோச்சு. நல்லதா ஒண்ணு போட்டுக் குடுங்க. அடியில படுக்கிறது நான்தானே," என்றார்.

"போட்டுடலாங்க," என்றேன்.

அதற்கு உரிய எஃகு என் அலமாரியிலேயே கிடந்தது. எஃகு வளையும், ஒடியாது. வார்ப்பிரும்பு சும்மா இருக்கும்வரை தாங்கும், தட்டினால் பொட்டென்று போய்விடும். கடைந்து கறுப்புப் பூச்சு கொடுத்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

ஆயுத பூஜையன்று பட்டறை எந்திரத்துக்குச் சந்தனம் வைத்துவிட்டால் மறுநாள் வரை யாரும் தொட மாட்டோம். பட்டறையில் ஆள் இருக்காது. நான் தொட்டேன். அந்தப் பின் அழகாக வந்தது. ஒரே ஒரு தப்பு செய்துவிட்டேன். எஃகு சுருளாக உதிரும், வார்ப்பிரும்பு பொடியாக விழும். பூஜைக்காகக் கழுவி வைத்த எந்திரத்தின் அடித்தட்டில் கரும்பொடியைப் பார்த்துத்தான் என் ஆபரேட்டர் ஆசீர்வாதம் உங்கள் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறார். நல்ல மனிதர்.

எங்களுக்கு மிஞ்சிய வயலில் குறுவை அறுக்க வீரையனையே கூப்பிட்டேன். "விதைக்கு வைக்கிற நெல்லுங்க, சுத்தமாச் சுரண்டிட்டு இறங்குங்க," என்று சொன்னதும் நான்தான். டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தார். வீரையன் அடியில் படுத்துக் காய்ந்த சேற்றைச் சுத்தியலால் தட்டினார். முட்டு அதிர்ந்தது, அந்தப் பின் ஒடிந்தது. வெட்டும் பற்கள் அவர் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இறங்கின. உடனே சாகவில்லை. வாயில் ரத்தம் கொப்பளிக்க என்னையே பார்த்தார். அவர் மனைவி ராமாயி ஓடிவந்து என் காலைப் பிடித்துக்கொண்டு, "தூக்குங்க சாமி, தூக்குங்க சாமி," என்று கதறினார். ஜாக்கி என் வண்டியில்தான் இருந்தது. அந்த வீட்டிலிருந்து ஒரு வாய் சாமி என்று கூப்பிட்டு எத்தனை வருஷமாயிற்று என்று யோசித்தபடி நின்றுகொண்டிருந்தேன்.

கோபத்தில் செய்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், ஐயா. நான் கோபக்காரன் இல்லை. கோபக்காரன் கைக்குக் கிடைத்த அரிவாளைத் தூக்கியிருப்பான். நான் திருச்சி வரை போய், கடை கடையாக ஏறி இறங்கி, ஒடியக்கூடிய இரும்பாகப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டு வந்தேன்.