இதிலிருந்து என்ன தெரிகிறது

ஸ்டேஷன் சுவருக்குப் பட்டி பார்த்தது யாரென்று தெரியவில்லை மேடம், மூலையெல்லாம் அப்படியே விட்டுவிட்டுப் போயிருக்கிறான். ஒரு மழை பெய்தால் அந்த ஜன்னலோரம் உப்பிக்கொள்ளும். என்னிடம் சொல்லியிருந்தால் அரை நாளில் முடித்துக் கொடுத்திருப்பேன். வாக்குமூலத்தை ஏட்டய்யா எழுதட்டும் என்றீர்கள். வேண்டாம், நானே எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். கல்யாணத்துக்குப் பிறகு கற்றுக்கொண்டது.

என் பெயர் கருப்பு. விளாங்குடியில் குடியிருக்கிறேன். வெள்ளையடிப்பது, பெயிண்ட் அடிப்பது தொழில். சாரத்தில் ஏறி இறங்கி முட்டி தேய்ந்துவிட்டது. சாயங்காலமானால் உட்கார்ந்த இடத்தில் கண் சொருகும். என் பெண்டாட்டி பாண்டிமீனா எனக்கு அத்தை மகள், எம்.ஏ. படித்தவள். கல்யாணத்தன்றைக்கு, "மாப்ள, கையெழுத்தா கைநாட்டா?" என்று கேட்டு ஊரே சிரித்தது. அந்த வாரமே சிலேட்டு வாங்கி வந்துவிட்டாள். தமிழை முடித்து இங்கிலீஷுக்கும் வந்தோம். இங்கிலீஷில் எனக்கு அர்த்தம் தெரியாது, எழுத்துக்கூட்டி வாசிக்க மட்டும் வரும்.

அவளுக்கு டாக்டர் பட்டம் வாங்க ஆசை. அதற்கு ஒரு நுழைவுத் தேர்வு உண்டு. ஆரப்பாளையத்தில் மாதங்கி டீச்சரிடம் கோச்சிங் போனாள். பாடத்திலெல்லாம் கெட்டிக்காரி. இங்கிலீஷ் பத்தியில்தான் அடி வாங்குவாள். ஒரு பத்தி கொடுத்து, அதற்குக் கீழே கேள்வி கேட்பார்களாம். காலையில் நான் சாப்பிடும்போது பத்தியைச் சத்தமாக வாசித்து, தமிழிலும் சொல்லுவாள். தேனீயைப் பற்றி வரும், பனிமலை உடைந்து கடலில் விழுவது வரும், ஒருநாள் வழி தப்பின கப்பல் வந்தது.

"அந்தக் கப்பல் என்ன ஆச்சு புள்ள?"

"அது பத்தியில இல்ல மாமா."

"கரை சேந்துச்சா இல்லையா, அதைச் சொல்லு."

"பத்தியில இல்லாததை நாமளா நினைக்கக் கூடாது. நினைச்சா மார்க்கு போயிரும்."

"பின்ன எதுக்கு நம்மளை இம்புட்டுத் தூரம் கடலுக்குள்ள கூட்டிட்டுப் போறான்?"

சிரித்துச் சிரித்துப் புரையேறிவிடும் அவளுக்கு.

ஒரே ஒரு வகைக் கேள்விதான் அவளைக் கவிழ்த்துவிடும். 'இதிலிருந்து என்ன தெரிகிறது' என்று கேட்பார்களாம். "சொன்னதை வச்சு சொல்லாததைப் பிடிக்கணும் மாமா. எனக்கு அதுதான் வர மாட்டேங்குது. சொன்னதை அப்படியே நம்பிருறேன்" என்பாள். அவளிடம் எனக்குப் பிடித்த குணமே அதுதான்.

போன வருஷம் அந்தக் கேள்விகளால்தான் தேறவில்லை. காளவாசலில் பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தேன். என் தோளில் சாய்ந்துகொண்டு அழுதாள். அவ்வளவு நல்ல சாயங்காலம் அதற்கு முன்னால் எங்களுக்கு வாய்த்ததில்லை.

இந்த வருஷம் மாதங்கி டீச்சர் என்னை வழியில் நிறுத்தி, "கருப்பண்ணே, இந்தத் தடவை உங்க வீட்டம்மாவுக்கு நிச்சயம் சீட்டு. ஹைதராபாத் போயிருவாங்க. அங்க ஹாஸ்டல் இருக்கு, நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க" என்றார். நான் கவலைப்படவில்லை. திரும்பும்போது சுண்ணாம்புக் கல் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். பொங்கல் வந்துகொண்டிருந்தது, வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டுமே.

சுண்ணாம்புக் கல்லில் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். சட்டென்று ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். வேலைக்கு வருகிற பயலுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுப்பது அது. அன்றைக்கு நான் ஊற்றியது கொஞ்சம் சட்டென்றுதான். "இங்க வந்து பாரு புள்ள, உன் பனிமலை உடையுறாப்புலயே இருக்கு" என்று கூப்பிட்டேன். வந்து குனிந்து பார்த்தாள்.

சுண்ணாம்பு கண்ணில் பட்டால் உடனே தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதுவும் முதல் நாளே சொல்லிக்கொடுப்பதுதான். வீட்டுத் தொட்டியில் தண்ணீர் இருந்தது. ஆனால் கலங்கலாகத் தெரிந்தது. நல்ல தண்ணீராக இருக்கட்டும் என்று குடத்தை எடுத்துக்கொண்டு தெருக்குழாய்க்குப் போனேன். அங்கே வரிசை. பொம்பளைகள் நிற்கும்போது இடித்துக்கொண்டு முன்னால் போவது எனக்குப் பழக்கமில்லை.

ஆஸ்பத்திரியில் வலது கண் அவ்வளவுதான் என்றார்கள். இடது கண்ணில் பார்வை மெல்லத் திரும்பும் என்று சொட்டு மருந்து கொடுத்தார்கள். நர்ஸ் ஊற்றினால் இமையை இறுக்கிக்கொண்டாள். நான் ஊற்றினால்தான் திறந்து வைத்திருந்தாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை எப்படிச் சொல்ல. பத்தியை நான் எழுத்துக்கூட்டி வாசிப்பேன், அவள் அர்த்தத்தைப் பிடித்துத் தமிழில் சொல்லுவாள். ஒரு பத்தி முடிவதற்குள் சோறு ஆறிவிடும். "மாமா, நீ வாசிக்கிற வேகத்துக்குத் தேனீயே பறந்து ஹைதராபாத் போயிரும்" என்று கேலி பேசுவாள். வேலைக்குக்கூட நான் சரியாகப் போகவில்லை. சந்தோஷமாக இருந்தோம் மேடம். இது வெளியாட்களுக்குப் புரியாது.

இடது கண் தேறுவதும் மறுபடி மங்குவதுமாக இருந்தது. டாக்டருக்கே புரியவில்லை. "மருந்து ஒழுங்கா ஊத்துறீங்களா?" என்று கேட்டார். "ஒரு வேளைகூடத் தவறலை சார்" என்றேன். அது பொய்யில்லை.

அவளோ பரீட்சையை விடுவதாக இல்லை. கண் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டவும் எழுதவும் ஆள் வைத்துக்கொள்ளலாமாம். மாதங்கி டீச்சர் அனுமதி வாங்கிவிட்டார். பக்கத்துத் தெருவில் காலேஜ் படிக்கிற சுபலட்சுமி எழுத வருகிறேன் என்றது. நான் மேலூரில் ஒரு காம்பவுண்டுச் சுவர் வேலைக்குப் போய் இரண்டு மூன்று நாள் தங்க வேண்டியதாயிற்று. அந்தப் பிள்ளைதான் துணைக்கு இருந்தது.

திரும்பி வந்தபோது பாண்டிமீனா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"மாமா, நான் ஒரு பத்தி சொல்றேன், கேக்குறியா?"

"சொல்லு புள்ள."

"ஒரு பொம்பளைக்குக் கண்ணு சரியில்லை. புருசன் மருந்து ஊத்துறப்பல்லாம் எரியுது. மருந்துன்னா எரியத்தான் செய்யும்னு அவன் சொன்னான், அவ நம்புனா. அவன் வெளியூர் போகையில பாட்டிலையும் சட்டைப்பையில கொண்டு போயிட்டான். பக்கத்துத் தெருப் பிள்ளை அதே மருந்துல புதுப் பாட்டில் வாங்கி ஊத்துச்சு. எரியலை. மறுநாள் ஜன்னல் கம்பி மங்கலாத் தெரிஞ்சுச்சு. இதுல இருந்து என்ன தெரியுது மாமா?"

"அது பத்தியில இல்ல புள்ள" என்றேன். சிரிப்பாள் என்று நினைத்தேன்.

"இல்லைதான். ஆனா தெரியுது" என்றாள்.

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. எத்தனை நாள் தப்பு விட்ட கேள்வி, கடைசியில் சரியாகப் போட்டுவிட்டாள். காலையில் நீங்கள் வந்தீர்கள், ரோகிணி மேடம்.

ஆமாம், கலந்தது நான்தான். சுண்ணாம்பு அடியில் தங்கின பிறகு மேலே தெளிவாக நிற்கும் தண்ணீர். பார்த்தால் மருந்து மாதிரியே இருக்கும். ரொம்ப வலிக்கக் கூடாது என்று அளவாகத்தான் கலந்தேன். அதுவும் கண் தேறுகிற மாதிரி தெரிந்தால் மட்டும்தான். முதல் நாள் தெறித்ததும் தானாகத் தெறித்தது இல்லை. அதையும் எழுதிவிடுகிறேன். நான் எதையும் மறைக்கிற ஆள் இல்லை, இதுவரைக்கும் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

பரீட்சை ஞாயிற்றுக்கிழமை. அதற்குள் என்னை அனுப்பிவிட்டால் நல்லது. சுபலட்சுமி வாசிக்கும், எழுதும், அதெல்லாம் சரி. வீட்டை விட்டுக் கிளம்பும் முன்னால் அவளுக்கு மருந்து ஊற்ற வேண்டாமா? வேறு யார் கை பட்டாலும் அவள் கண்ணைத் திறக்க மாட்டாள்.