ரெக்லெஸ் என்ற சொல்லை நான் பழகிய விதம்

ஜெனரல் மேனேஜர் சட்டையில் டீயைக் கொட்டியது நான்தான். அதை அன்றே, அந்த இடத்திலேயே ஒப்புக்கொண்டேன். என்னைப் பொய்யன் என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் எங்கள் கம்பெனி கார்களுக்குத் தகட்டுப் பாகங்கள் அடித்துக் கொடுக்கிறது. பிரஸ் ஷாப்பில் நான் லைன் லீடர். பெயர் தணிகாசலம். லீடர் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. எல்லாரும் பங்குபோட்டு வாங்க வேண்டிய திட்டை ஒருவனே வாங்குவது. மாலையில் பஜாரில் செல்போன் கடை மாடியில் மெர்சி மிஸ் நடத்தும் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் போவேன். மிஸ் நாளுக்கு ஒரு சொல் கொடுப்பார். அதை முதலில் தன்னைப் பற்றிச் சொல்லிப் பழக வேண்டும். பிறகு எதிரில் இருப்பவரை. அதற்குப் பிறகுதான் மூன்றாவது ஆளை. மிஸ்ஸின் சட்டம் அது.

அன்றைய சொல் ரெக்லெஸ். கேர்லெஸ் வேறு, இது வேறு என்றார் மிஸ். கேர்லெஸ் ஆள் கவனிக்க மறந்தவன். ரெக்லெஸ் ஆளுக்கு ஆபத்து தெரியும். யாருக்கு என்ன ஆனால் எனக்கென்ன என்று செய்வான். மறுநாள்தான் டீ கொட்டியது. துடைக்கத் துணி தேடுவதற்கு முன்பே "ஐ யாம் ரெக்லெஸ் சார்" என்றேன். டீக்கு அது கொஞ்சம் பெரிய சொல்தான். ஜி.எம். சிரித்துவிட்டார். அன்று முதல் பிரஸ் ஷாப்பில் இங்கிலீஷ் தெரிந்த ஆள் நான் என்று ஆயிற்று. இரண்டாவது பாடத்தை வீட்டில் முடித்தேன். குழம்பில் உப்பு கூடியதற்காக மனைவியை ரெக்லெஸ் என்றேன். அவள் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு இன்னொரு கரண்டி ஊற்றினாள். மூன்றாவது ஆள் மட்டும் பாக்கி.

லோகு என் லைனில் வேலை செய்தவன். கவரைப்பேட்டைக்காரன். என் ஜோக்குக்கு முதல் ஆளாகச் சிரிப்பான். சில சமயம் ஜோக் முடிவதற்கு முன்பே சிரித்துவிடுவான். அவன் ஓட்டிய பிரஸ்ஸில் இரண்டு பட்டன். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மெஷின் இறங்கும். கை உள்ளே மாட்டக்கூடாது என்பதற்கான ஏற்பாடு. ஆனால் அதில் வேலை மெதுவாகத்தான் ஓடும். அதனால் ஒரு பட்டனை அழுத்தி, சந்தில் தீக்குச்சி சொருகிவிட்டால் ஒரு கை மிச்சமாகும். பலரும் செய்வதுதான்.

அந்த வாரம் டார்கெட்டை ஏற்றியிருந்தார்கள். லோகு டீ குடிக்கப் போன நேரம் அவன் மெஷினில் நான் உட்கார்ந்தேன். இடது பட்டனில் குச்சி சொருகினேன். அவன் திரும்பி வந்ததும் எழுந்துகொண்டேன். குச்சியை எடுக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று ரொம்ப நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். மறக்கவில்லை. அடுத்த பிரேக்கில் மறுபடி சொருக வேண்டுமே என்ற சோம்பல். அவனிடம் சொல்லவும் இல்லை. சொன்னால் பிடுங்கிப் போட்டுவிடுவான், பயந்த சுபாவம்.

தகடு ஒன்று அச்சில் சிக்கியது. லோகு இடது கையை உள்ளே விட்டுத் தட்டினான். வலது கை பட்டன் மேலேயே இருந்தது. ஒரு பட்டனில் பிரஸ் இறங்காது என்பது அவன் நம்பிக்கை. நியாயமான நம்பிக்கைதான்.

மூன்று விரல்கள்.

சத்தம் கேட்டு முதலில் ஓடிச் சேர்ந்தவன் நான். அதற்காக என்னைப் பாராட்டினார்கள். முதலில் குச்சியைப் பிடுங்கி என் பையில் போட்டேன். பிறகுதான் அவன் கையில் துணி சுற்றினேன்.

விசாரணைக்குப் பூனா ஹெட் ஆபீசிலிருந்து ஒரு ஆபீசர் வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, எங்கள் எச்.ஆரும் வடக்கத்திக்காரர். மொழிபெயர்க்க என்னை உட்கார வைத்தார்கள். கையில் கட்டுடன் லோகு என் பக்கத்து நாற்காலியில் இருந்தான்.

"நான் ஒண்ணுமே சொருவல சார். ஒத்த பட்டன்லயே எறங்கிச்சு. இன்னா ஆச்சினு மெஷினத்தான் கேக்கணும்" என்றான்.

நான் ஆபீசரிடம், வேகத்துக்காக இவனே குச்சி சொருகியதாகச் சொல்கிறான் என்று இங்கிலீஷில் சொன்னேன். கடைசியில், "ஹி இஸ் ரெக்லெஸ் சார்" என்று சேர்த்தேன். அப்படியா என்பதுபோல ஆபீசர் லோகுவைப் பார்த்தார். அண்ணன் தனக்காகப் பேசுகிறான் என்று லோகு தலையை ஆட்டினான். அந்தத் தலையாட்டலே போதுமானதாக இருந்தது. மூன்றாவது பாடமும் முடிந்தது.

வெளியே வந்ததும் லோகு என் தோளைப் பிடித்துக்கொண்டான். "நல்லா எட்த்து சொன்னண்ணா. அது இன்னாண்ணா, ரெக்லெஸ்?"

"பாவப்பட்டவன்னு அர்த்தம்டா" என்றேன்.

அவன் வேலை போய்விட்டது. குச்சிக் கதையைக் கம்பெனியே கட்டியது என்று அவன் நம்பினான். நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. ஞாயிறுதோறும் ஆப்பிள் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். வாழைப்பழம் வாங்கினால் மலிவாக நினைப்பார்கள். இதற்கிடையில், நான் செய்தது எவ்வளவு பெரிய தப்பு என்று தெரிந்துகொள்ளவும் முயன்றேன். வேறு யாரோ செய்ததுபோல மெர்சி மிஸ்ஸிடம் சொல்லிப் பார்த்தேன். ஐயோ பாவம் என்றுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போனார். எச்.ஆரிடம் பேச்சை எடுக்கப் போனேன், டீ வாங்கிக் கொடுத்தார். திருப்பாச்சூர் கோயிலுக்கும் போனேன். சாமி அவர் வழக்கப்படி ஒன்றும் சொல்லவில்லை.

லோகு லேபர் ஆபீசில் வழக்குப் போட்டிருக்கிறான். இந்த வாரம் விசாரணை. கம்பெனித் தரப்புச் சாட்சி நான். உண்மையைச் சொன்னால் அவனுக்கு வேலை திரும்பக் கிடைக்கலாம், என்னுடையது போகும்.

நேற்று போனபோது அவன் மனைவி ஷைனி கதவைத் திறந்தாள். உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. லோகுவின் சிரிப்பு கேட்டது. வாசலில் நின்றபடியே அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். குச்சி, பையில் போட்டது, விசாரணையில் மாற்றிச் சொன்னது, பாவப்பட்டவன். அவள் ஆச்சரியப்படவில்லை.

"குச்சி சமாச்சாரம் தெரியாது. அந்த வார்த்தைக்கு அர்த்தம், அவரு வந்து சொன்ன அன்னிக்கே தெரியும்ணா. நானும் ப்ளஸ் டூ படிச்சவதான். அவராண்ட சொல்லல. வெரலுதான் பூட்ச்சு, உங்கள நம்பிக்கினு இருக்காரே, அதுவாவது மிச்சம் இருக்கட்டும்னு உட்டுட்டேன்."

கையிலிருந்த ஆப்பிள் பையை அவளிடம் நீட்டினேன்.

"நானே சொன்னா லோகு மன்னிச்சுடுவானாம்மா?" என்று கேட்டேன்.

ஷைனி ஆப்பிள் பையை வாங்கிக் கீழே வைத்தாள்.

"மாட்டாரு" என்றாள். "செருப்ப கயட்டிட்டு உள்ள வாங்க."