கேத்தூராளுக்கு முன்னால்

— அந்த மொறத்தக் கீழ வையுங்க அத்தை. அரிசி எங்கயும் ஓடிப்போகாது. நாங் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க.

— என்னத்தக் கேட்டே அம்மணி? காது மந்தமாப் போச்சு எனக்கு.

— பக்கத்து ஊட்டுக் குக்கர் எத்தன விசில் அடிச்சுதுன்னு இங்கிருந்தே எண்ணுவீங்க, உங்களுக்கா காது மந்தம்? எனக்குக் கேத்தூராள்னு பேர் வெச்சது ஆருங்க?

— சபை ஐயருதான். ஞானஸ்நானத்தன்னைக்குத் தலையில தண்ணி ஊத்திச் சொன்னாரே, ஸ்தோத்திரம், நீயுந்தான கேட்டே.

— தண்ணி ஊத்துனது ஐயருங்க. பேரச் சொல்லிக் குடுத்தது ஆருன்னு கேக்கறேன்.

— நாந்தான். ஏன், பேருக்கென்ன கொறைச்சல்? நம்ம சபையில எத்தன மேரி, எத்தன எஸ்தரு! கேத்தூராள் நீ ஒருத்திதான். சாம்பிராணிப் பொகைன்னு அர்த்தம். நீ வந்தா ஊடே கமகமங்கும்னு அன்னைக்கே சொன்னனே கண்ணு.

— சொன்னீங்க. ஆறு வருசமா நானும் பெருமையாத்தானுங்க இருந்தேன். தபால்காரரு என்ன பேரும்மா இதுன்னு கேட்டா, அவருக்குக்கூட அர்த்தம் சொல்லுவேன். வரலட்சுமின்னு எங்க நைனா ஆசையா வெச்ச பேர உட்டுப்போட்டு வந்ததுக்கு, இது தகும்னு நெனைச்சேன். பெண்கள் சங்கத்துல வேதாகமப் போட்டி, ஆதியாகமம் பூராப் படிக்கோணும்னு சொன்னப்ப, உனக்கெதுக்கு அதெல்லாம்னு தடுத்தீங்களே. இதுக்குத்தானுங்களா?

— கைக்கொழந்தக்காரி, கண்ணு முழிச்சுப் படிச்சு ஒடம்பக் கெடுத்துக்காதேன்னு சொன்னேன்.

— பாப்பாவுக்கு நாலு வயசாச்சுங்க அத்தை.

— எனக்குக் கைக்கொழந்ததான்.

— இருவத்தஞ்சாவது அதிகாரம் வந்துட்டனுங்க. மொத வரியிலயே எம்பேரு. மூணு தடவ படிச்சேன். அதுல சாம்பிராணியக் காணோம். சாராளப் பொதைச்சுப்போட்டு, அதுக்கப்பறம் ஆபிரகாம் கட்டுன பொம்பள. ரெண்டாந்தாரம். எத்தனையோ பேரு இருக்க, இந்தப் பேரத் தேடி எதுக்குங்க எடுத்தீங்க?

— அவ அப்படின்னா நீயும் அப்படியா? பேருதான கண்ணு. யோனான்னு பேரு வெச்சவன எல்லாம் மீனு முழுங்கிருச்சா?

— சிரிக்காதீங்க. எனக்குப் பத்தீட்டு எரியுது. எதுத்த ஊட்டு மரியதாஸ் சம்சாரத்துகிட்டப் போயிக் கேட்டுப்போட்டுத்தான் வாரேன். ஏனுங்க, எங்க ஊட்டுக்காரருக்கு முந்தியே கண்ணாலம் ஆயிருந்துதான்னு. அந்தம்மா பைத்தியத்தப் பாக்கற மாதிரி பாத்துது. "மூணு ஞாயித்துக்கெழம கோயில்ல கல்யாண ஓலை வாசிச்சாங்களே, மனைவியை இழந்தவர்னு சொல்லித்தான வாசிச்சாங்க, உனக்குத் தெரியாதா"ங்குது. அந்த மூணு வாரமும் பல்லடத்துல நைனா என்னை ரூமுக்குள்ள வெச்சுப் பூட்டியிருந்தாரு. சபையே கேட்டிருக்குது. கட்டிக்கப் போறவ ஒருத்திதான் கேக்கல.

— அவளுக்கு வாய் அடங்காது.

— அவங்க வாய உடுங்க. உங்க வாயில கேக்கோணும். மொத சம்சாரத்துப் பேரென்னங்க?

— சுகிர்தம். ஜோலார்பேட்டையில இவன் வேலையா இருந்தப்பக் கட்டுனது. நாங்க போத்தனூருக்கு மாத்திட்டு வரதுக்கு முந்தியே போயிட்டா. மஞ்சக்காமாலை. தங்கமான புள்ள, பாவம்.

— அவங்க பாவம். அப்ப நானு? நைனா கெணத்தடியில நின்னு எனக்குத் தலை முழுகுனாரு. அம்மா செத்ததுக்குக்கூட ஆள் சொல்லி அனுப்பல, ஒரு மாசங் கழிச்சு பஸ்ஸுல ஆரோ சொல்லித் தெரிஞ்சுது. அன்னைக்கு மடியில போட்டுக்கிட்டு, இனி உனக்கு அம்மா நாந்தான்னு சொன்னீங்க. நம்பிப்போட்டனுங்க அத்தை. அவரு மறைச்சாரு, ஆம்பளப் புத்தி. நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்ல?

— சொன்னனே.

— எப்பங்க சொன்னீங்க?

— பேருலதான். வாயில வரல அம்மணி, நாக்கு மேல ஒட்டிக்கிச்சு. ரெண்டாந்தாரம்னு தெரிஞ்சா நீ வரமாட்டே, இவன் குடிச்சே அழிஞ்சுபோவான்னு பயம். கர்த்தர்கிட்ட அழுதேன். அப்பறந்தான் இந்தப் பேரு ஞாபகம் வந்துது. வேதத்தத் தொறந்தா அவளே தெரிஞ்சுக்குவா, மறைச்ச பாவம் நம்மளது இல்லைன்னு வெச்சேன்.

— அடேங்கப்பா! பழைய ஏற்பாடு உனக்குப் புரியாது, சுவிசேஷம் மட்டும் படி போதும்னு சொன்னதும் நீங்கதானுங்களே. கதவத் தொறந்து வெச்ச மாதிரி வெச்சு, குறுக்க நீங்களே படுத்துக்கிட்டீங்க.

— மன்னிச்சுக்க கண்ணு.

— இருங்க, இன்னும் இருக்குது. ஆபிரகாம் தங்கிட்ட இருந்த அத்தனையும் மூத்தவ மகனுக்குக் குடுத்துப்போட்டு, மத்த புள்ளைகளுக்குக் கையில ஏதோ கொஞ்சம் குடுத்து தூரமா அனுப்பிப்போடறாரு. சுகிர்தத்துக்குக் கொழந்த இருக்குதுங்களா?

— இருக்குது. பொட்டப்புள்ள. பதனொண்ணு நடக்குது.

— எங்க?

— தாராபுரத்துல. சுகிர்தத்தோட அம்மா ஊட்ல.

— தாராபுரம்! மாசாமாசம் மொத சனிக்கெழம அவரு போறாரே, அதுவா? கூட வேலை பாத்தவரு ஊடு, ஒடம்பு சரியில்லாத மனுசன், பாத்துட்டு வரட்டும்னு எங்கிட்ட நீங்கதான சொன்னீங்க? ஒவ்வொரு தடவையும் முறுக்குச் சுட்டுக் குடுத்து அனுப்புனனே!

— நீ சுட்டதுன்னா அந்தப் புள்ள தொடறதில்லையாம்.

— என்னை அதுக்கு எப்படித் தெரியும்?

— இந்தத் தடவ ரேஷன் அரிசியில கல்லு நெறைய.

— அத்தை!

— தெரியும். அதுக்குத் தெரியும்.

— பேரென்னங்க அதுக்கு?

— எப்சிபா.

— அதுக்கு என்ன அர்த்தமாமுங்க?

— அவமேல எனக்குப் பிரியம்னு அர்த்தம். கர்த்தர் சொல்ற வார்த்தை. இவந்தான் தேடித் தேடி வெச்சான்.

— பெத்த புள்ளைக்கு அவரு வெச்ச பேரப் பாருங்க, எனக்கு நீங்க வெச்ச பேரப் பாருங்க! அத்தன பிரியம் வெச்ச மனுசன், தாயில்லாப் புள்ளைய அங்க போட்டுப்போட்டு இங்க எப்படிங்க சோறு திங்கறாரு? தொண்டைக்குள்ள எறங்குதா? சண்டை வந்தா என்னை ஒண்ணு சொல்லுவாரு, "எல்லாந் தெரிஞ்சுதான எங்கூட வந்தே"ன்னு. சாதிசனத்த உட்டு வந்ததச் சொல்றாருன்னு இத்தன நாளா நெனைச்சுட்டிருந்தேன். தூ! நாலு மணிக்கு டூட்டி முடிஞ்சு வரட்டும். பெட்டி கட்டி வெச்சுட்டேன். நேருக்கு நேரா நிக்க வெச்சு நாலு கேள்வி கேட்டுப்போட்டு, பாப்பாவக் கூட்டிட்டுக் கெளம்பறேன்.

— எங்க போவே?

— பல்லடத்துக்கு. நைனா செருப்பால அடிச்சாலும் வாங்கிக்கறேன். அவரு என்னை ஏமாத்தல.

— அவங்கிட்டக் கேக்காத கண்ணு. உன் கால்ல உழுகறேன். போகோணும்னா இப்பவே போயிரு, நானே பஸ் ஏத்தி உடறேன். அவங்கிட்ட மட்டும் கேக்காத.

— காலத் தொடாதீங்க. பையன ஒரு வார்த்தை கேட்டுறக் கூடாது, அத்தன பரிஞ்சுட்டு வாரீங்க!

— அவனுக்காக இல்ல.

— பின்ன ஆருக்காக? அதா, சைக்கிள் சத்தம் கேக்குது. அவருதான்.

— வரலட்சுமி, சத்தம் போடாத.

— ஆறு வருசத்துல இன்னைக்குத்தான் அந்தப் பேர் உங்க வாயில வருது. என்னங்க, சொல்லுங்க.

— நீ மொதமொத இங்க வந்தன்னைக்கு, எல்லாத்தையும் பதனமா எடுத்துச் சொல்லும்மான்னு எங்கிட்ட உட்டுப்போட்டுத்தான் அவன் வெளிய போனான்.

— போயி?

— திரும்பி வந்து கேட்டான். சொல்லிப்போட்டேன்னேன். "சம்மதிச்சுட்டா, ஆனா அந்தப் பேச்ச எங்கிட்ட எடுக்கக்கூடாது, அந்தப் புள்ள இந்த ஊட்ல கால் வெக்கக்கூடாதுங்கறா"ன்னு, நீ சொன்னதா, நாந்தான் சொன்னேன்.